மெயினை அணைக்காதீங்க மதினி

அன்பும் வம்பும் சரிபாதியாகக் கலந்த என் முருகேசு அண்ணனுக்கு,

நீ போன இடத்தில் கரண்ட் உண்டா? உண்டென்றால், அங்கேயும் ஏதாவது ஒரு கம்பத்தில் ஏறிக்கொண்டு கீழே நிற்பவர்களை அதட்டிக்கொண்டுதான் இருப்பாய். இல்லையென்றால் எப்படிப் பொழுது போகிறது உனக்கு? நீ இல்லாமல் இங்கே இரண்டாவது ஆயுத பூஜையும் முடிந்துவிட்டது. அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் லைன்மேன் தொழிலும் என் தொழிலும் ஒரே அறைக்குள் முட்டிக்கொண்ட கதை இது. நடுவில் மாட்டிக்கொண்டவர் உன் பெண்டாட்டி.

நீ இருந்தவரை என் வேலையை ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. கீரனூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது கேட்டால், "எந்தங்கச்சி கம்ப்யூட்டருக்குப் பேயோட்டுது" என்பாய். எனக்குப் பதவி உயர்வு வந்தபோது, "இப்ப பேயோட்டுறதுல சீனியரு" என்று சேர்த்துக்கொண்டாய். நானும் கோபித்துக்கொண்டு திருத்திப் பார்த்தேன். பிறகு யோசித்தால் நீ சொன்னது அவ்வளவு தப்பில்லை என்று பட்டது, விட்டுவிட்டேன்.

ஊர் வைரஸ் என்று சொல்வதை நாங்கள் மால்வேர் என்போம். ஒரு கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்துகொண்ட நிரலைக் கண்டுபிடிப்பது என் வேலையில் பாதி. மீதிப் பாதி, அந்தக் கம்ப்யூட்டரின் நினைவைப் படிப்பது. நாம் கம்ப்யூட்டரில் சேமித்து வைப்பதெல்லாம் பீரோவில் வைத்த துணி மாதிரி, அணைத்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது அது கையில் வைத்திருப்பது வேறு. அதற்குத்தான் ரேம் என்று பெயர். கரண்ட் இருக்கும்வரைதான் அது இருக்கும். புத்திசாலித் திருடன் பீரோவில் ஒளிய மாட்டான், கையிலேயே ஒட்டிக்கொள்வான். அதனால் எங்கள் தொழிலில் முதல் விதி, சந்தேகப்பட்ட கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது.

இதை ஒருமுறை என் புதுக்கோட்டை வீட்டில் உனக்கு விளக்கினேன், நினைவிருக்கிறதா? நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே, "கரண்ட் போனா உள்ள இருந்ததெல்லாம் எங்க போவும்?" என்று கேட்டாய்.

"போயிரும்ணே."

"போயிரும்னா எங்க போவும்? எங்க தொழில்ல எதுவும் சும்மா காணாமப் போகாது. எர்த்து வழியா மண்ணுக்காவது போவும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அணைத்த பிறகும் அந்த ரேம் சில்லுக்குள் எழுத்துகள் சில நொடிகள் மங்கலாக நிற்கும், நன்றாகக் குளிர வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும் என்று சொன்னேன். "அப்புறம்?" என்றாய். நான் உன் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

உன் தொழிலில் முதல் விதி நேர்மாறு. எதையும் தொடுவதற்கு முன் மெயினை அணை. அணைத்த பிறகும் நம்பாதே, புறங்கையால் தொட்டுப் பார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்து வைத்திருந்தாய். தனம் மதினி இன்றைக்கும் கிரைண்டரை, பிரிட்ஜை, ஏன், பஸ்ஸின் ஜன்னல் கம்பியைக்கூடப் புறங்கையால்தான் முதலில் தொடுகிறார். உன் மகள் கேலி செய்கிறாள். அவளும் அப்படித்தான் தொடுகிறாள், அது அவளுக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மதினி கீரனூரில் அதே ரத்தப் பரிசோதனை லேபில்தான் இருக்கிறார். முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைப் பதிவு செய்வது, ரிப்போர்ட்டை அடித்துக் கொடுப்பது, மாலையில் பூட்டுவது எல்லாம் அவர்தான். உன் மகள் திருச்சிக்குக் காலேஜ் போய் வருவது அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. முதலாளி சதாசிவம் சாரை உனக்குத் தெரியும். நல்ல மனிதர், பக்திமான், வாய் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

அங்கே ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்றும் உனக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், ரத்தம் அடைத்த குழாய்களைச் சுழற்றும் மெஷினுக்குக் குங்குமம், கீபோர்டின் மேல் ஒரு சாமந்திப் பூ. முன்மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் திரை முழுக்கச் சரசுவதி படம் ஒளிரவேண்டும். பூஜை போட்டதை மறுநாள் காலை மறுபூஜை செய்து எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. அதனால் அந்தக் கம்ப்யூட்டர் இரவெல்லாம் படத்தோடு விழித்திருக்கும். வருஷா வருஷம் அப்படித்தான்.

இந்த வருஷம் விஜயதசமி அன்று காலையில் மதினி போய்க் கதவைத் திறந்தால், திரையில் சரசுவதியைக் காணோம். கறுப்புத் திரையில் சிவப்பு ஆங்கில எழுத்துகள். உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் கொடுங்கள் என்ற வழக்கமான மிரட்டல். மதினி எனக்குப் போன் செய்தபோது குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"தமிழு, என்னமோ ஆயிப்போச்சு. மெயினை அணைச்சிரவா? கை அதுலதான் இருக்கு."

"மெயினை அணைக்காதீங்க மதினி. கையை எடுங்க."

"உங்க அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டாரே."

"அண்ணன் கம்பத்துக்குச் சொன்னாரு மதினி. இது வேற. பின்னாடி ஒரு நீல வயர் வரும் பாருங்க, நெட்டு வயரு, அதை மட்டும் பிடுங்குங்க. வேற எதையும் தொடாதீங்க. நான் வாரேன்."

போனை மேசையில் வைப்பதும் நாற்காலியை நகர்த்துவதும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் "பிடுங்கிட்டேன்" என்றார். புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடுங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உன் சொல்லை மீறி என் சொல்லைக் கேட்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

நான் பஸ்ஸைப் பிடித்துக் கீரனூர் போய்ச் சேர்வதற்குள் அங்கே பெரிய கூத்து. சதாசிவம் சார் வந்துவிட்டார். "அணைச்சுத் தொலைங்கம்மா" என்று அவர் சத்தம் போட, மதினி சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறார். "எங்க நாத்தனா வந்துக்கிட்டிருக்கா. அவ வாரவரைக்கும் இது எரியட்டும்" என்றிருக்கிறார். சாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ரத்தம் எடுக்கும் பெண்கள் நிற்கும்போதே, "கடைசியாப் பூட்டிட்டுப் போனது நீங்க. கண்டதையும் தட்டிப் பாத்துட்டு இப்ப நாத்தனாரக் கூப்புடுறீங்களா? கணக்க முடிச்சுக் குடுத்துர்றேன், திங்கக்கெழமலேருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

நான் உள்ளே நுழையும்போது மதினி அதே இடத்தில்தான் நின்றார். அழவில்லை. "வாம்மா, எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். நான் சொன்னேன் என்பதற்காக ஒரு மனுஷி வேலையையே பணயம் வைத்து நின்றிருக்கிறார். உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பையைத் திறப்பதற்குள் விளக்கு அணைந்தது. முதல் நாள் மழையில் லைனில் ஒரு புளியங்கிளை சாய்ந்து கிடந்ததாம், அதை வெட்ட லைனை நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸில் தொங்க, அது கத்தத் தொடங்கியது. அந்தப் பழைய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. உன் கரண்ட் ஆபீஸ் கூட்டாளி சுப்பையா அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரு கால்மணி நேரம் லைனைக் கொடுத்தால் போதும், அப்புறம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

"அம்மாடி, மேல ஆளு ஏறியாச்சு" என்றார். "ஆளு மேல இருக்கையில ஒங்க அண்ணனே எந்திரிச்சு வந்து கேட்டாலும் லைன் குடுக்க மாட்டேன்."

அப்படி அவர் சொன்னதும் எனக்கு வருத்தமே வரவில்லை, அண்ணே. உன் குரலைக் கேட்டது மாதிரி இருந்தது. "சரிண்ணே, பாத்து வேலை செய்யச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

பிரிண்டரைப் பிடுங்கினோம். என் டிரைவைச் செருகி, நினைவை நகல் எடுக்கும் நிரலைத் தொடங்கினேன். திரைதான் கரண்டை அதிகம் குடிக்கும், அதையும் அணைத்தேன். இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. என் டிரைவில் ஒரு சின்ன நீல விளக்கு சிமிட்டும், அது ஒன்றுதான் ஆதாரம். மழை மூட்டத்தில் அறை இருண்டு கிடந்தது, பூஜைப் பொரி மேசையில் அப்படியே இருந்தது, யூ.பி.எஸ். நச்சரித்துக்கொண்டே இருந்தது. நானும் மதினியும் தரையில் குந்தி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். சதாசிவம் சாரும் கோபத்தை மறந்து குனிந்து பார்த்தார்.

"இப்ப என்னம்மா நடக்குது?"

"அது கையில வச்சிருக்கிறதையெல்லாம் எழுதி வாங்கிக்கிட்டிருக்கேன் சார்."

யூ.பி.எஸ்ஸின் கத்தல் நெருங்கி நெருங்கி வந்தது. விளக்கு சிமிட்டுவது நின்றது. முடிந்ததா, செத்ததா? திரையைப் போட்டேன். முடிந்திருந்தது. நகல் முழுசாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, "இப்ப அணைங்க மதினி" என்றேன். அவர் எழுந்து, புறங்கையால் அந்தப் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். நினைவின் நகல் என்பது வரிசையாக எழுதிய கதை இல்லை, கிழித்துக் கலைத்துப் போட்ட காகிதக் குவியல். எந்தத் துண்டு எதோடு ஒட்டும் என்று தேடிக்கொண்டே போகவேண்டும். திருடன் கிடைத்தான். யார் வேஷத்தில் தெரியுமா? சரசுவதி வேஷத்தில். படம் என்று பெயர் வைத்த ஒரு நிரல். திறந்தால் திரையில் படத்தையும் காட்டும், பின்னால் பூட்டும் வேலையையும் பார்க்கும். அது ஒரு பென்டிரைவிலிருந்து கிளம்பியிருந்தது. அந்தப் பென்டிரைவுக்கு அதன் சொந்தக்காரர் தன் பெயரையே வைத்திருந்தார். சதாசிவம். கிளம்பிய நேரம், அங்கே எல்லோரும் கூடிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த நேரம். அதற்குப் பிறகு கீபோர்டில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. தொடக் கூடாது என்பதுதானே வழக்கம்.

அந்த நிரலை எழுதியவன் யாராக இருப்பான் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். கடல் கடந்து எங்கோ உட்கார்ந்திருப்பவனா, பக்கத்து மாவட்டத்துக்காரனா? பண்டிகைக்கு முன்னால் நம் ஜனங்கள் பெரிய சாமி படம் தேடுவார்கள் என்று அவனுக்கு யார் சொன்னது? அவன் வீட்டிலும் பூஜை உண்டா? தன் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்பானா? கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்கு இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. நீ இருந்தால், "மொதல்ல அவன் கரண்டைப் புடுங்கு" என்பாய்.

அவன் ஒரு தப்புச் செய்திருந்தான். வேலை முடிந்த பிறகும் அந்த நிரல் வெளியேறாமல் ஓடிக்கொண்டே இருந்தது, பூட்டிய சாவியையும் கையிலேயே வைத்திருந்தது. அணைத்திருந்தால் சாவியும் போயிருக்கும். அதை எடுத்துப் பெரும்பாலான ரிப்போர்ட்டுகளைத் திறந்துவிட்டேன். சில திறக்கவில்லை.

லேபுக்குப் போய்ச் சதாசிவம் சாரிடம் என் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். தன் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நெட்ல தேடி எடுத்தேம்மா. சரசுவதி படம்தானே போட்டேன்."

"ஆமா சார். அதைத்தான் போட்டிருக்கீங்க."

பாவமாகத்தான் இருந்தது. சாமிக்கென்று ஆசையாகத் தேடி எடுத்த படம். பிறகு மதினியைப் பார்க்காமலே, "திங்கக்கெழம வந்துருங்கம்மா" என்றார்.

மதினி மெதுவாகத்தான் சொன்னார். "வாரேன் சார். வேணாம்னு எல்லாருக்கும் முன்னாடிதான சொன்னீங்க. வாங்கன்னு சொல்றதையும் அப்படியே சொல்லிருங்க."

சார் எழுந்து போய், ரத்தம் எடுக்கும் பெண்களைக் கூப்பிட்டார். "நாந்தேன் கொண்டாந்து செருகுனேன். தனம் மேல தப்பு இல்ல. அவுங்க மட்டும் மறிச்சு நிக்கலைன்னா எல்லாம் போயிருக்கும்" என்றார். மதினிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. எனக்கும்தான். உன் பெண்டாட்டியை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, அண்ணே.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். திறக்காத ரிப்போர்ட்டுகளின் எச்சம் ஏதாவது கிடைக்குமா என்று அந்த நகலை மறுபடி துழாவினேன். அங்கே நீ இருந்தாய்.

முருகேசன், ஆண், வயது நாற்பத்தேழு. சர்க்கரை, இயல்பு. கொழுப்பு, இயல்பு. ஹீமோகுளோபின், இயல்பு. பூஜை அன்று காலையில் அடித்த ரிப்போர்ட்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். நீ அந்த லேபில் ஒருநாளும் ரத்தம் கொடுத்ததில்லையே. மதினி எத்தனை தரம் கூப்பிட்டிருப்பார். "ஊருக்கே ஊசி குத்துறீக, வீட்டுலயும் வந்து குத்தணுமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய். உன் உடம்பில் சர்க்கரை இருந்ததே நெஞ்சுவலியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சேமித்த கோப்புகளில் தேடினேன், இந்த ரிப்போர்ட் இல்லை. மதினிதான் அடித்து, பிரிண்டு எடுத்து, சேமிக்காமல் விட்டிருக்கிறார். அந்த நினைவில் மட்டும்தான் நீ இருந்தாய்.

கம்ப்யூட்டரை முழுசாகத் துடைத்துப் புதிதாக அமைத்த அன்று, பிரிண்டரைச் சோதிக்கவேண்டி வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, "நீங்களே ஒண்ணு அடிச்சுப் பாருங்க மதினி" என்றேன். யோசிக்காமல் அடித்தார். உன் பெயர் வந்தது.

"தெனமும் அண்ணன் பேருலதான் எடுக்குறீங்களா?"

திரும்பிப் பார்த்தார். "உனக்கு யாரு சொன்னா?"

"மெஷின்தான்."

"மை சரியா விழுகுதான்னு காலையில ஒண்ணு எடுத்துப் பாக்கணும்ல. ஏதாச்சும் ஒரு பேரு போடணும்ல."

"வயசு? அண்ணன் போனப்ப இருந்ததையே போட்டிருக்கீங்க."

"கூட்டிப் போடக் கை வரல தமிழு."

பிரிண்டர் உன்னை வெளியே தள்ளியது. மதினி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். "நல்லா விழுகுது" என்றார். நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வெளியே காத்திருந்தவர்களைக் கூப்பிட்டார். இதை உனக்கு எழுதட்டுமா என்று பிறகு கேட்டேன். "எழுதிக்க. சர்க்கரை நார்மல்னு மறக்காம எழுது" என்றார்.

போயிரும்னா எங்கே போகும் என்று நீ கேட்டாயே. நீ மதினி அடிக்கும் அந்தத் தாளுக்குப் போயிருக்கிறாய் என்று சொன்னால், "கிழிச்ச பெறகு?" என்று அடுத்த கேள்வி கேட்பாய். மறுநாள் காலையில் மறுபடியும் அடிக்கிறார், அண்ணே. நீ கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டு திரிகிறேன், அது எனக்குப் பிடித்துமிருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சரசுவதி படத்தை நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். அதற்கு முன் இன்னொன்று. நானும் உன் தங்கச்சிதானே, இதுவரை ஊசிக்குப் பயந்து ஓடிக்கொண்டுதான் இருந்தேன். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு கீரனூர் பஸ் ஏறுகிறேன். காலையில் உன் பெயரை அடித்துக் கிழித்த பிறகு, மதினி என் பெயரை அடிக்கட்டும். என் ரிப்போர்ட்டில் வருவது நிஜமான எண்ணாக இருக்கும். அதைச் சேமித்து வைக்கச் சொல்கிறேன்.

உன் கூடப்பிறந்த பேயோட்டி,
தங்கச்சி தமிழ்ச்செல்வி